மலிவான பூதங்களும் இளைஞர் கூட்டமும்

நம்ப முடியாத செய்தி எதையேனும் ஒருவர் சொன்னால், “இது என்ன, விட்டலாச்சாரியா படமா?” என்று கேட்பது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். ஓர் இயக்குநரின் பெயரே சொல்வழக்காகிவிட்டது. உடுப்பிப் பகுதியில் 1920-இல் பிறந்த பி. விட்டலாச்சாரியா தெலுங்கில் எடுத்த மாயமந்திரப் படங்கள் பல, தமிழ்க் குரல் பெற்று இங்கே ஓடின. 1978-இல் வெளிவந்த ‘ஜகன்மோகினி’ அவற்றுள் தலையாயது. கற்றோர் பலர் இவற்றைப் பொருட்படுத்தியதில்லை. எனினும் இவற்றை நாடிச் சென்ற இளைஞர் கூட்டம் வரலாற்றின் கண்ணில் படவேண்டிய கூட்டமே என்பது என் கருத்து.

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது குள்ளஞ்சாவடி. அதைக் கடந்து மேற்கே சென்றால் நெய்வேலி. அங்கே 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின், எந்தத் திரைப்பட பூதத்தினும் பெரிய சக்கர இயந்திரங்கள் மண்ணை வாரத் தொடங்கின. ஆயினும் இத்தகைய சாலையோர ஊர்களின் இளைஞரை இரவில் ஈர்த்தது டூரிங் கொட்டகைப் பேய்தான். அக்கொட்டகையின் கூரை கீற்று, தரை மணல். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்வார்கள். படம் காட்டும் இயந்திரம் ஒன்றே ஆதலால், ஒரு சுருள் முடிந்து மறு சுருள் மாட்டும்வரை பேயும் காத்திருக்கவேண்டும்!

விட்டலாச்சாரியாவின் தந்திரக் காட்சிகள் சிக்கனமானவை. படப்பெட்டியை நிறுத்தி, ஆளை அகற்றி, கிளியை வைத்து மீண்டும் ஓட்டினால் மனிதன் கிளியாவான். பாரிசில் மெலியே என்பவர் 1896-லேயே கையாண்ட உத்தி இது. நடிகர் படப்பிடிப்புக்கு வரத் தவறினால், அவரைச் சாபத்தால் விலங்காக்கிவிட்டுக் கதையை நடத்துவார் விட்டலாச்சாரியா என்று திரையுலகில் வேடிக்கையாகக் கூறுவர்.

இவ்வீர்ப்பு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் தொலைக்காட்சி வந்து பெரியோரை வீட்டில் இருத்திவிட்ட காலத்தில், படக்கொட்டகைக்கு எஞ்சியவர் பெரிதும் இளைஞரே. இதை உணர்ந்த நிக்கல்சன், ஆர்க்காஃப் என்னும் இருவரின் நிறுவனம், 1957-இல் பள்ளி மாணவன் ஒருவன் ஓநாய் மனிதனாக மாறும் படத்தைக் குறைந்த செலவில் வெளியிட்டுப் பெரும் பொருள் ஈட்டியது. அடங்காச் சினமுடைய அம்மாணவனைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் மருத்துவரே அவனை விலங்காக்குகிறார்.

இங்கேதான் இரு நாட்டுக் கதைகளும் ஒன்றுபடுகின்றன. அங்கே மருத்துவர், இங்கே மந்திரவாதி. இருவரும் வயதில் மூத்தவர்கள், அறிவும் அதிகாரமும் உடையவர்கள். அவர்கள் கையில் இளையவனின் உடல் அவன் சொற்படி கேளாமல் மாறிப்போகிறது. பதினாறு வயதில் குரல் உடைந்து, மீசை அரும்பி, தன் உடம்பே தனக்கு அயலாகத் தோன்றும் மாணவனுக்கு இக்கதையின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை.

படத்தின் மலிவும் ஒரு வகையில் நன்மையே செய்தது. ஒட்டு தெரிந்த வேடம் அச்சத்தைத் தாங்கத்தக்கதாக ஆக்கியது. அலறியவன் அடுத்த கணமே நண்பனின் தோளில் தட்டிச் சிரித்தான்.

2009-இல் ‘ஜகன்மோகினி’ தமிழில் புதிதாக எடுக்கப்பட்டது; கணிப்பொறி வரைகலையும் கைகொடுத்தது. முன்னதன் புகழை அது எட்டவில்லை. விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கும் பழைய பேயைத்தான் மக்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கின்றனர்.