புறநகர்ப் பூங்காவும் நில உரிமையும்: பேர்க்கன்ஹெட் திட்டம் பற்றிய ஒரு நோக்கு

நகரப் பூங்காக்களின் வரலாற்றை எழுதுவோரிற் பலர், அவற்றை ஆட்சியாளரின் கொடையாகவோ தோட்டக் கலைஞரின் கற்பனை வெளிப்பாடாகவோ கொள்வதே வழக்கமாக இருந்து வந்துள்ளது. இவ்விரு நோக்கும் ஓர் அடிப்படை வினாவைத் தவிர்த்துவிடுகின்றன. பூங்காவுக்கான நிலம் எவ்வாறு பெறப்பட்டது, பூங்காவினால் உயர்ந்த நிலப் பெறுமதி எவரைச் சென்றடைந்தது என்பதே அவ்வினா. பூங்கா, நடைபாதை, வீதி, வீட்டுக் காணி ஆகியன ஒரே திட்டத்தின் உறுப்புகளாக அமைந்த பேர்க்கன்ஹெட் பூங்காவை இவ்வினாவின் ஒளியில் நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம். 1847ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட இது, பொதுப் பணத்தைக் கொண்டு பொதுமக்களுக்கென அமைக்கப்பட்ட முதற் பூங்காவெனப் பரவலாகக் கருதப்படுகிறது.

மேர்சி ஆற்றின் ஒரு கரையில் லிவர்பூல் துறைமுகமும் மறுகரையில் பேர்க்கன்ஹெட்டும் உள்ளன. 1821இல் சில நூறு மக்களையே கொண்டிருந்த இக்கிராமம், 1841இல் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழும் நகராக வளர்ந்துவிட்டது. நீராவிப் படகுச் சேவையும், 1824இல் வில்லியம் லெயர்ட் தொடங்கிய இரும்புத் தொழிலகமும், அதன் வழிவந்த கப்பல் கட்டுந் தொழிலும் இவ்வளர்ச்சிக்குக் காரணமாயின. கைத்தொழிற் புரட்சி உருவாக்கிய நகரங்களில் உழைப்பாளருக்குத் திறந்தவெளியே இல்லையென 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் பொது உலாவிடங்கள் பற்றிய தெரிவுக்குழு எடுத்துக்காட்டியது. ஆயின் அக்குழு மக்களின் உடல்நலத்தை மட்டுங் கருதிற்றல்ல. குடும்பத்துடன் உலாவச் செல்லும் தொழிலாளி நன்கு உடுத்த விரும்புவான், அவ்விருப்பம் அவனை உழைப்பில் ஊக்கும், மதுக்கடையிலிருந்தும் விலக்கும் என்பதும் அதன் வாதமாயிருந்தது. பூங்கா பற்றிய பூர்ஷ்வாக் கருத்துநிலையின் இரு முகங்களையும் இங்குக் காண்கிறோம்.

1843ஆம் ஆண்டுச் சட்டம், பேர்க்கன்ஹெட் மேம்பாட்டு ஆணையாளருக்குப் பூங்காவுக்கென நிலம் வாங்கும் அதிகாரத்தை அளித்தது. நகரின் ஓரத்திலே சதுப்பாகக் கிடந்த மலிவான நிலம், ஏறத்தாழ 226 ஏக்கர் வாங்கப்பட்டது. அதில் 125 ஏக்கர் வரை பூங்காவாயிற்று. எஞ்சிய நிலம் பூங்காவை நோக்கிய வீட்டுக் காணிகளாகப் பிரித்து விற்கப்பட்டது. அவ்விற்பனையே பூங்காவின் செலவை ஈடுசெய்யும் என்பது கணக்கு. இதன் உட்பொருளைத் தெளிவாகக் கூறுவோம்: சமூகம் தன் பொதுப் பணத்தால் உருவாக்கிய பெறுமதி உயர்வு, வசதி படைத்தோரின் மாளிகைகளுக்கான காணி விலையாக உருமாறியது.

திட்டப் படமும் ஒரு பனுவலைப் போல வாசிக்கத்தக்கதே. யோசப் பாக்ஸ்டன் வகுத்த திட்டத்தை எட்வேர்ட் கெம்ப் நிறைவேற்றினார். சதுப்பு நீரை வடிக்க இரு ஏரிகள் தோண்டப்பட்டன. தோண்டிய மண்ணே மேடுகளாயிற்று. வண்டிகளுக்கான வளைந்த வீதி ஓரத்தைச் சுற்றிச் செல்ல, நடப்போருக்கான பாதைகள் ஏரிகளையும் மேடுகளையும் தழுவி உள்ளே சென்றன. வண்டி உடையோரும் கால்நடையாக வருவோரும் ஒரே வெளிக்குள் வந்தனராயினும் அவர்தம் வழிகள் வெவ்வேறாயின. இதே காலத்து மான்செஸ்டரில், நகரின் மையத்திலிருந்து புறநகர் செல்லும் பெருவீதிகளின் இருமருங்கும் கடைகள் நிறைந்திருந்தமையால், செல்வர் தொழிலாளரின் சேரிகளைக் காணாமலே நாள்தோறும் வீடு திரும்ப முடிந்ததை ஏங்கெல்ஸ் 1845இல் வெளிவந்த தமது நூலிற் சுட்டிக்காட்டினார். வீதி அமைப்பு வர்க்க உறவுகளிலிருந்து விடுபட்டதன்று என்பதற்கு இவ்விரு சான்றுகளும் போதும்.

எனினும் பூங்காவை முதலாளித்துவத்தின் ஏமாற்று வித்தையென ஒதுக்குவது இயங்கியல் நோக்காகாது. குறைந்தது 70 ஏக்கர் நிலம் மக்களின் இலவசப் பொழுதுபோக்குக்கென ஒதுக்கப்படல் வேண்டுமெனச் சட்டமே விதித்தது. கட்டணமின்றி, எவர் அனுமதியுமின்றி நுழையும் உரிமை உண்மையான பேறாகும். 1850இல் இங்கு வந்த அமெரிக்கரான பிரெடெரிக் லோ ஒல்ம்ஸ்டெட்டை வியக்க வைத்ததும், ஏழை மக்களும் செல்வரும் இதனைச் சமமாகத் துய்த்தமையே. பின்னர் அவரும் கல்வேர்ட் வோக்ஸும் நியூயோர்க் மத்திய பூங்காவுக்கான தமது 1858ஆம் ஆண்டுத் திட்டத்தில் வண்டிப் பாதையையும் நடைபாதையையும் பிரித்தனர். ஆயின் அப்பூங்காவுக்கான நிலத்தில் செனக்கா கிராமம் என்னும் குடியிருப்பு இருந்தது. அங்கு வாழ்ந்தோரிற் பெரும்பாலார் கறுப்பின மக்கள். அவர்களிற் சிலர் சொந்தக் காணி உடையோர். 1857இல் அவர்கள் வெளியேற்றப்பட்டனர்.

நகர மேம்பாடுகள் ஏழைகளை மேலும் இழிந்த மூலைகளுக்குத் துரத்துவதை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதலாம் பாகத்தில் விளக்கினார். 1872இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதிய ஏங்கெல்ஸ், சேரிகள் ஓரிடத்தில் அகற்றப்பட்டு வேறோரிடத்தில் மீண்டும் தோன்றுவதை எடுத்துரைத்தார். பேர்க்கன்ஹெட்டில் உயர்ந்த பெறுமதியின் ஒரு பகுதியேனும் பொது அமைப்பொன்றின் கைக்கு வந்தது. நிலம் முற்கூட்டியே பொதுவுடைமையானமையே அதற்குக் காரணம். இவ்வகையில் அதன் அனுபவம் இன்றும் பயனுடையது. புறநகர் மீளமைப்புத் திட்டமொன்றை மதிப்பிடுகையில், பாதையின் அகலத்தையும் மரங்களின் எண்ணிக்கையையும் மட்டும் கணக்கிடல் போதாது. அங்கு முன்னர் வாழ்ந்தோர் அப்பூங்காவில் நடப்பதற்கு அங்கேயே தொடர்ந்தும் வாழ்வார்களா என்பதையும், நிலத்தின் உயர்ந்த விலை எவருடைய பையை நிரப்புகிறது என்பதையும் ஆய்வாளர் கேட்டாக வேண்டும்.