முடக்கமும் முடக்குவாதமும்

2020 மார்ச் இறுதியில் 'பொதுமுடக்கம்' என்ற சொல் செய்தித்தாள்களில் வந்து அமர்ந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே தமிழர் நாவில் வழங்கிவந்த இன்னொரு சொல் முடக்குவாதம். ஒன்று அரசாணையால் வந்தது. மற்றொன்று உடலுக்குள்ளிருந்தே வருவது. ஊர் முடங்கிய நாட்களில், ஏற்கெனவே மூட்டு முடங்கியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி நம் பெருந்தொற்று வரலாற்றில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. இறந்தோர் எண்ணிக்கை நாள்தோறும் மாலையில் அறிவிக்கப்பட்டது. நடக்க இயலாமற் போனோர் எண்ணிக்கையை அறிவிப்பார் இல்லை.

சித்த மருத்துவம் வாதம் என்று வகுத்த பெரும்பரப்பின் ஒரு பகுதியை இன்றைய மருத்துவம் தன்னெதிர்ப்பு நோய்கள் என்ற தலைப்பில் வைக்கிறது. உடலைக் காக்க வேண்டிய படை உடலையே தாக்குவது இதன் இயல்பு. முடக்குவாதத்தில் அது மூட்டுகளின் உட்சவ்வை அரிக்கும்; லூபஸ் என்னும் நோயில் தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளில் பாயும். லூபஸ் நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதினர். இந்நோய்கள் முற்றிலும் தீர்வதில்லை. நாள் தவறாமல் மருந்து உண்டு, உரிய இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, அடக்கி வைத்திருக்கலாம். அந்த ஒழுங்கு அறுந்தால் நோய் மீண்டும் தலையெடுக்கும்.

இனி ஏரலுக்கு வருவோம். தாமிரபரணிக் கரையில், வாழைக்கும் வயலுக்கும் நடுவே உள்ள சந்தை ஊர். சங்ககால முத்துத்துறையான கொற்கை இதற்கு அண்மையில் இருக்கிறது. சேர்மன் அருணாசல சுவாமி கோயில் இவ்வூரின் அடையாளம். 1908இல் ஓர் ஆடி அமாவாசையன்று மறைந்தவரின் அடக்கத்தலத்துக்கு, ஆண்டுதோறும் அந்நாளில் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். நோய் தீர வேண்டுமென்று நேர்ந்துகொண்டு வருவோர் அவர்களில் பலர். ஆனால் மூட்டுநோய்க்கான சிறப்பு மருத்துவரைக் காண வேண்டுமென்றால் ஏரல்காரர்தான் வெளியூர் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ள தூத்துக்குடி 30 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. திருநெல்வேலி அதைவிடச் சற்றுத் தொலைவு. அங்கும் போதாதென்றால் 150 கிலோமீட்டருக்கும் அப்பால் மதுரை. இந்தத் தொலைவுகளையெல்லாம் ஏழை நோயாளிக்குக் கடக்கக்கூடியதாக வைத்திருந்தது பேருந்து ஒன்றுதான்.

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் அந்தப் பேருந்து நின்றது. மறுநாள் முதல் நாடு முழுவதும் முடக்கம். சூன் 1 அன்று மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்துப் பேருந்துகளை ஓரளவு ஓட விட்டார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி ஒரு மண்டலம். மதுரை வேறொரு மண்டலம். மண்டலம் தாண்ட இ-பாஸ் வேண்டும். சூலையில் பேருந்து மீண்டும் நின்றது. செப்டம்பர் 7க்குப் பிறகே மாவட்டங்களுக்கிடையே ஓடத் தொடங்கியது. ஐந்து மாதங்களுக்கு மேற்பட்ட இக்காலத்தில் வாடகைக் கார் பிடிக்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் மருத்துவம் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

இதே மாவட்டத்தின் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் காவலில் எடுக்கப்பட்ட தந்தையும் மகனும் அவ்வாண்டு சூனில் உயிரிழந்ததையும் இங்கு நினைவுகூர வேண்டும். கையில் மருந்துச் சீட்டு இருந்தாலும், சாலைக்கு வர அஞ்சியவர்களின் அச்சத்தை வீண் அச்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

போக்குவரத்து தடைப்பட்டது ஒருபுறம். மறுபுறம் மருந்தே தட்டுப்பட்டது. இந்த இரண்டாவது கதைக்கு நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான முன்வரலாறு உண்டு. அதன் ஒரு வேர் நம் நீலகிரியில் இருக்கிறது.

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவில் விளைந்த சிங்கோனா மரத்தின் பட்டை மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து. 1820இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்லத்தியேயும் கவந்துவும் அதிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தார்கள். 1860களில் ஆங்கில அரசு அம்மரத்தை நீலகிரிக்குக் கொண்டுவந்தது. விதையும் கன்றும் தேடிச் சென்றவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம். உதகையில் வளர்த்துக் காட்டியவர் மக்கைவர். நடுவட்டத்தில் தோட்டமும் பின்னர் கொயினாத் தொழிற்சாலையும் உருவாயின. பேரரசின் சிப்பாயும் அதிகாரியும் காய்ச்சலில் மடியக் கூடாது என்பதே இதன் முதல் நோக்கம். எனினும், 1892இல் வங்காளத்தில் தபால் நிலையம் வழியாகச் சிறு பொட்டலங்களில் கொயினா விற்கும் முறை தொடங்கியது. மருத்துவர் எட்டாத சிற்றூரை அஞ்சல்காரர் எட்டுவார் என்ற எளிய கணக்கு அது.

மலேரியா மருந்து மூட்டுநோய் மருந்தானது தற்செயலான கண்டுபிடிப்பு. 1894இல் இலண்டன் மருத்துவர் பெய்ன், தோலில் காணும் லூபசுக்குக் கொயினா பயன்படுவதாகக் குறித்தார். இரண்டாம் உலகப் போரில் மலேரியாத் தடுப்புக்காக மெப்பாகிரின் என்ற செயற்கை மருந்து படைவீரர்களுக்குத் தரப்பட்டது. 1951இல் பேஜ் என்ற மருத்துவர் அதை லூபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட நற்பயனை லான்செட் இதழில் எழுதினார். அந்தக் குடும்பத்தில் நஞ்சு குறைந்த பிள்ளைதான் ஹைட்ராக்சிகுளோரோகுயின். 1950களின் நடுவிலிருந்து இன்றுவரை லூபஸ் சிகிச்சையின் அடித்தளம் அதுவே. விலை குறைவு, பக்க விளைவுகளும் குறைவு. நெடுநாள் உண்பவர்கள் கண்களைப் பரிசோதித்துவர வேண்டும் என்பதே முதன்மையான எச்சரிக்கை.

2020 மார்ச் 20 அன்று மார்சேய் நகர ஆய்வாளர் குழு இம்மருந்து கொரோனாவைத் தீர்க்கும் என்று ஒரு கட்டுரை வெளியிட்டது. அது நாற்பது பேரைக்கூட எட்டாத சிறு ஆய்வு. அமெரிக்க அதிபர் டிரம்ப் அதை உலகறியப் புகழ்ந்தார். மார்ச் 22 தேதியிட்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பணிக்குழு, நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளரும் நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்போரும் இதைத் தடுப்பு மருந்தாக உண்ணலாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை சிலருக்குத்தான்; செவியுற்றதோ நாடு முழுவதும். கடைகளில் மாத்திரை மறைந்தது. உலகத் தேவையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தயாரிப்பதாகச் சொல்லப்பட்ட நாட்டில் இது நடந்தது. மார்ச் 25இல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரல் 4இல் முழுத்தடை ஆனது. மூன்றே நாளில் அது தளர்ந்தது. மார்ச் 26இல் மருந்துக்கடைகளுக்கும் கட்டுப்பாடு வந்தது: மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது, வாங்குவோர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

பதுக்கலைத் தடுக்க இது தேவையான ஆணை. ஆயினும் ஏரலில் ஒரு லூபஸ் நோயாளியை எண்ணிப்பாருங்கள். அவள் கையிலிருப்பது ஆறு மாதத்துக்கு முந்தைய சீட்டு. புதிய சீட்டு எழுத வேண்டிய மருத்துவர் வேறு ஊரில். அந்த ஊருக்குப் பேருந்து இல்லை. பழைய சீட்டை ஏற்கத் தயங்கும் கடைக்காரரையும் குறைசொல்ல முடியாது. ஆணை, சாலை, கடை மூன்றும் தனித்தனியே நியாயமாக நடந்துகொண்டபோதும், மூன்றும் சேர்ந்து அவளுக்கு மருந்தில்லை என்றாயின.

இம்மருந்தின் தன்மையும் அவளுக்கு எதிராகவே வேலை செய்தது. உடலிலிருந்து இது வெளியேற வாரக்கணக்கில் ஆகும். ஆதலால் நிறுத்தியவுடன் ஒன்றும் தெரியாது. 'மாத்திரை இல்லாமலேயே நன்றாகத்தானே இருக்கிறோம்' என்று தோன்றும். பின்னர் ஒருநாள் முகத்தில் செம்படை எழும், விரல்கள் வீங்கும், சிலருக்குச் சிறுநீரில் புரதம் கழியும். அப்போது அதை ஊரடங்கின் கணக்கில் எழுதுவார் யார்? பேரிடரின் உடனடிச் சேதம் பதிவாகும். காலந்தாழ்ந்து வரும் சேதம் விதியின் பெயரில் போய்ச்சேரும்.

வலி பொறுக்காதவருக்கு உள்ளூரில் எளிதாகக் கிடைப்பது ஸ்டீராய்டு. 1948இல் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு கார்ட்டிசோனை முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கொடுத்து நடக்கவைத்தபோது உலகம் அதை அற்புதம் என்றது. 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. எலும்பு தேய்தல், சர்க்கரை ஏறுதல், தொற்றுக்கு எதிரான வலு குன்றுதல் ஆகிய விலைகள் பிறகே தெரியவந்தன. மேற்பார்வையற்ற ஸ்டீராய்டு, பெருந்தொற்றுக் காலத்தில் ஒருவர் தாமே தேடிக்கொள்ளும் ஆபத்து.

2020 சூன் 5 அன்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினால் பயனில்லை என்று அறிவித்தது. உலக சுகாதார அமைப்பும் அதே மாதம் தன் ஆய்வில் அதை நிறுத்தியது. இந்திய வழிகாட்டு நெறிமுறையிலிருந்து அது நீங்க 2021 செப்டம்பர் ஆனது. மார்சேய்க் கட்டுரையை அந்த இதழே 2024 டிசம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. யாருக்குப் பயன்படும் என்று உறுதியாகத் தெரிந்ததோ அவர்களிடமிருந்து எடுத்து, பயன்படுமா என்று தெரியாதவர்களுக்கு வழங்கினோம் என்பதே இதன் சாரம். 2021 ஏப்ரலில், இரண்டாம் அலையில், டோசிலிசுமாப் ஊசிக்கும் கடும் தட்டுப்பாடு வந்தது. அதுவும் முடக்குவாதத்துக்காக வந்த மருந்தே. இம்முறை கொரோனா நோயாளிகள் சிலருக்கு அது உண்மையிலேயே பயன்பட்டது என்பதால் யாரையும் நோவதற்கில்லை. ஆனால் மூட்டுநோயாளியின் மருந்துப்பெட்டியிலிருந்துதான் உலகம் மீண்டும் மீண்டும் கடன் வாங்கியது என்பதையாவது குறித்துவைக்கலாம்.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. 2020 மார்ச் 25இல் வெளியான தொலைமருத்துவ நெறிமுறை, தொலைபேசி வழி ஆலோசனைக்குச் சட்டத்தெளிவு தந்தது. இ-சஞ்சீவனி வந்தது. அஞ்சல் துறை தன் சிவப்பு ஊர்திகளில் மருந்துப் பொதிகளைக் கொண்டுசென்றது; கொயினாப் பொட்டலம் சுமந்த பழைய துறை மீண்டும் அந்த வேலைக்கு வந்தது. இருப்பினும் வீங்கிய விரல் மூட்டை அழுத்திப் பார்ப்பது திரையில் நடவாது. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் உண்பவரின் கல்லீரலை இரத்தப் பரிசோதனையின்றிக் கணிக்க முடியாது.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறது. இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. முடக்குவாத மாத்திரையும் லூபஸ் மாத்திரையும் அப்பையில் ஏற வேண்டும் என்பது பேராசையன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி பெருகி, ஏரலின் சாலையும் பாலமும் சிதைந்து ஊர் துண்டிக்கப்பட்டபோது, அந்தத் தேவை மறுபடியும் மெய்ப்பிக்கப்பட்டது. அடுத்த முடக்கம் கிருமியால்தான் வரவேண்டும் என்பதில்லை, ஆற்றாலும் வரும்.

மருந்து அதிகாரத்தை முடிக்கும் வள்ளுவர், மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு உழைச்செல்வானையும் சேர்க்கிறார். அருகிருந்து மருந்தை இயற்றிக் கொடுப்பவன் என்று உரையாசிரியர் பொருள் சொல்வார்கள். 2020இல் நோயாளி இருந்தார், மருத்துவர் இருந்தார், நாட்டில் மருந்தும் விளைந்துகொண்டுதான் இருந்தது. நோயாளியின் பக்கம் வந்து சேர்வதற்கு மட்டும் ஆளில்லை. அந்த நான்காம் கூறு ஏரலில் ஒரு பேருந்தாக, ஒரு செவிலியராக, ஓர் அஞ்சல்காரராக இருந்துவந்தது. அதைச் செலவு என்று எழுதும் நிர்வாகம் குறளின் முக்கால் பங்கைத்தான் படித்திருக்கிறது.