முழுமையற்ற காப்புரிமை விண்ணப்பம்

முழுமையற்ற காப்புரிமை விண்ணப்பம் என்பது, சட்டம் கேட்கும் படிவம், கட்டணம், அத்தாட்சி, தொழில்நுட்ப விவரம் ஆகியவற்றில் ஏதேனும் விடுபட்ட நிலையில் தாக்கலாகும் விண்ணப்பம். விடுபட்டது எது என்பதைப் பொறுத்தே அதன் கதி அமைகிறது. ஆவணம் விடுபட்டால் பெரும்பாலும் கெடுவுக்குள் சேர்த்துவிடலாம். கண்டுபிடிப்பின் விவரமே விடுபட்டால், முதலில் தாக்கல் செய்த தேதியை இழக்காமல் அதைச் சேர்ப்பது மிகக் கடினம். ஒரே கண்டுபிடிப்புக்கு இருவர் விண்ணப்பித்தால் முந்திய தேதிக்காரருக்கே முதலிடம் என்பதால், இந்தத் தேதி மிகவும் மதிப்புடையது.

இந்தியாவில் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் விதிகளும் இதை ஆள்கின்றன. படிவம் 1 விண்ணப்பத்துக்கு, படிவம் 2 கண்டுபிடிப்பின் விவரக்குறிப்புக்கு. இணையவழித் தாக்கலுக்குத் தனிநபரும் புத்தொழில் நிறுவனமும் 1,600 ரூபாய், பெருநிறுவனங்கள் 8,000 ரூபாய் செலுத்த வேண்டும். உரிய காலத்துக்குள் கட்டணம் செலுத்தாத ஆவணம், 142ஆம் பிரிவின்படி, தாக்கலே ஆகாததாகக் கருதப்படும். காப்புரிமை முகவருக்கான அதிகாரப் பத்திரத்துக்கு 3 மாதமும், கண்டுபிடிப்பாளரிடமிருந்து உரிமை பெற்றதற்கான சான்றுக்கு 6 மாதமும் அவகாசம் உண்டு.

ஒரு வகை முழுமையின்மையைச் சட்டமே அனுமதிக்கிறது. ஆய்வு முடியாத நிலையில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் உரிமைக்கோரிக்கைகள் தற்காலிகக் குறிப்பில் தேவையில்லை. இதனால் இரண்டு பக்கத்தில் எதையாவது எழுதித் தேதியைப் பிடித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள்; இந்த நம்பிக்கை ஆபத்தானது. பின்னர் வரும் ஒவ்வொரு கோரிக்கையும் தற்காலிகக் குறிப்பில் சொன்னதை நியாயமாகச் சார்ந்திருந்தால்தான் பழைய தேதியைப் பெறும்.

ஒரு பம்பை எடுத்துக்கொள்வோம். தற்காலிகக் குறிப்பில் அதன் வால்வு மட்டுமே விவரிக்கப்பட்டுள்ளது. மணல் கலந்த நீரிலும் வால்வு தேயாமல் காக்கும் ரப்பர் வளையம் அதில் இல்லை. நான்காம் மாதம் அந்தப் பம்பு வளையத்தோடு விற்பனைக்கு வருகிறது. பத்தாம் மாதம் தாக்கலாகும் முழு விவரக்குறிப்பு வளையத்துக்கும் உரிமை கோருகிறது. வால்வுக்குப் பழைய தேதி நிற்கும். வளையத்துக்குப் புதிய தேதியே கிடைக்கும். அதற்குள் அது கடைக்கு வந்துவிட்டதால், காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விட்டது. கண்டுபிடிப்பாளரின் சொந்த விற்பனையே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு வராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். அவ்வாறு கைவிடப்பட்டது வெளியிடப்படுவதில்லை. ஆகவே கண்டுபிடிப்பு வேறு வழியில் வெளியே தெரியாதிருந்தால் புதிதாக விண்ணப்பிக்கலாம். கெடு முடியுமுன் கேட்டுக்கொண்டு, விண்ணப்பத்தை 6 மாதம் வரை பிந்திய தேதிக்கு மாற்றவும் 17ஆம் பிரிவு வழி தருகிறது. அந்த இடைவெளியில் வேறொருவர் முந்திக்கொண்டால் இழப்பு விண்ணப்பதாரருக்கே. அவசரத்தில் முழு விவரக்குறிப்பையே அரைகுறையாகக் கொடுத்தவர், 12 மாதத்துக்குள் அதைத் தற்காலிகக் குறிப்பாகக் கருதுமாறு கோரலாம். பலருக்குத் தெரியாத நல்ல வழி இது.

முழு விவரக்குறிப்பு கண்டுபிடிப்பையும், விண்ணப்பதாரர் அறிந்த மிகச்சிறந்த செயல்முறையையும் சொல்ல வேண்டும். இதில் உள்ள குறையைத் திருத்தம் மூலம் நிரப்ப 59ஆம் பிரிவு இடம் தராது. மறுதலிப்பு (கோரியதில் ஒரு பகுதியைக் கைவிடுதல்), பிழைதிருத்தம், விளக்கம் ஆகியவையே திருத்தமாக ஏற்கப்படும். போதிய விவரமின்மை, காப்புரிமை வழங்கப்பட்ட பிறகும் அதை ரத்துசெய்யக் காரணமாகலாம். பிந்தைய மேம்பாட்டுக்குக் கூடுதல் காப்புரிமை கோரலாம். அது மூலக் காப்புரிமையின் காலம் வரை மட்டுமே நீடிக்கும். நுண்ணுயிர் சார்ந்த கண்டுபிடிப்பில், எழுத்தால் போதிய அளவு விவரிக்க இயலாத, பொதுமக்களுக்குக் கிடைக்காத உயிர்ப்பொருளை, தாக்கல் தேதிக்குள் சண்டிகரின் எம்.டி.சி.சி. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சேமிப்பகத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2013 டிசம்பர் 18 முதல், வடிவமைப்பு அல்லாத விண்ணப்பங்களுக்கு உரிமைக்கோரிக்கைகள் இல்லாமலே தாக்கல் தேதி கிடைக்கிறது. விடுபட்டவற்றைக் கேட்டு அலுவலகம் அறிவிப்பு அனுப்பும், தாமதத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. வரைபடத் தாள் ஒன்று விடுபட்டிருந்தால் பொதுவாக அது இல்லாமலே பழைய தேதியை வைத்துக்கொள்ளலாம், அல்லது அதைச் சேர்த்துப் பிந்திய தேதியை ஏற்கலாம். பல நாடுகளுக்கு ஒரே விண்ணப்பம் செய்ய உதவும் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின்கீழ், விடுபட்ட பகுதி முன்னுரிமைக்கு ஆதாரமாகக் காட்டிய முந்தைய விண்ணப்பத்தில் முழுமையாக இருந்தால் தேதி மாறாமல் சேர்க்க 2007 ஏப்ரல் முதல் வழி உள்ளது. ஆனால் சில நாடுகளின் அலுவலகங்கள் இதை ஏற்பதில்லை.