மறுக்கப்பட்ட இருக்கை: ஜார்ஜியா சட்டமன்றமும் ஜூலியன் பாண்டும்

முன்னுரை

வாக்குரிமை கிடைத்துவிட்டால் மட்டும் ஒரு மக்கள்கூட்டம் அரசியல் உரிமை பெற்றதாகிவிடாது. அது தேர்ந்தெடுத்தவர் அவையில் அமரவும், தம் கருத்தை அஞ்சாமல் சொல்லவும் முடிய வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கறுப்பின மக்கள் இதற்காக ஏறத்தாழ நூறாண்டு போராடினர். அவ்வரலாற்றில் ஜூலியன் பாண்ட் (1940–2015) வகிக்கும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

1868: முதல் வெளியேற்றம்

உள்நாட்டுப் போருக்குப் பின், 1868இல், கறுப்பினத்தவர் முதன்முறையாக ஜார்ஜியா சட்டமன்றம் புகுந்தனர். அவ்வாண்டு செப்டம்பரிலேயே வெள்ளையர் பெரும்பான்மை அவர்களுள் பெரும்பாலோரை வெளியேற்றியது. வாக்களிக்கும் உரிமையில் பதவி வகிக்கும் உரிமை அடங்காது என்று வாதிட்டது. வெளியேற்றப்பட்டோருள் ஒருவரான ஹென்றி மெக்நீல் டர்னர் அவையில் எழுந்து அதை வன்மையாக எதிர்த்தார். கூட்டரசு ராணுவத்தின் மேற்பார்வையில் 1870இல் அவர்கள் மீண்டும் அமர்த்தப்பட்டனர். ஆயினும் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு போன்ற தடைகள் கறுப்பின வாக்காளர்களை ஒதுக்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவையில் கறுப்பினத்தவர் எவரும் எஞ்சவில்லை.

1966: இரண்டாம் தடை

நாஷ்வில் நகரில் பிறந்த பாண்ட், அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் படித்தபோது, 1960இல் உணவகங்களின் நிறவெறிக்கு எதிரான உள்ளிருப்புப் போராட்டங்களை முன்னின்று நடத்திக் கைதானார். மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் செய்தித் தொடர்புப் பொறுப்பையும் ஏற்றார். நீதிமன்ற ஆணைப்படி தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டதால் 1965 ஜூனில் நடந்த தேர்தலில் சட்டமன்றக் கீழவைக்கு வென்றார்.

1966 ஜனவரி 6 அன்று அக்குழு வியட்நாம் போரைக் கண்டித்தது. கட்டாய ராணுவச் சேவையை ஏற்க விரும்பாதோருக்குப் பரிவு தெரிவித்தது. தாம் எழுதாத அவ்வறிக்கையை வானொலிப் பேட்டியில் பாண்ட் ஆதரித்தார். அரசியல் சாசனத்தைக் காப்பதாக இவர் மனமறிந்து உறுதிமொழி ஏற்க இயலாது என்று கூறி, ஜனவரி 10 அன்று 184க்கு 12 என்ற வாக்குக் கணக்கில் அவை அவருக்கு இருக்கையை மறுத்தது.

பிப்ரவரி இடைத்தேர்தலில் தொகுதி மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர்; அவை மீண்டும் மறுத்தது. நவம்பரில் மூன்றாம் முறையும் வெல்ல வைத்தனர். இருக்கை மறுப்பை எதிர்த்துப் பாண்ட் தொடுத்த வழக்கில், அத்தொகுதியின் வாக்காளரான மார்ட்டின் லூதர் கிங்கும் சேர்ந்தார். டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துப் பாண்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். உறுப்பினரின் மனத்தூய்மையை அளக்கும் கருவியாக உறுதிமொழியைப் பெரும்பான்மையினர் கையாளக் கூடாது; அரசின் கொள்கையை விமர்சிக்கும் சுதந்திரம் சாதாரணக் குடிமகனுக்கு உள்ள அளவு சட்டமன்ற உறுப்பினருக்கும் உண்டு என்றார் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். 1967 ஜனவரியில் பாண்ட் பதவியேற்றார். இரு அவைகளிலுமாக இருபதாண்டு பணியாற்றியபின், 1998 முதல் 2010 வரை கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் பாடுபடும் என்ஏஏசிபி அமைப்புக்குத் தலைமை தாங்கினார்.

முடிவுரை

1868இல் நிறமும் 1966இல் சொல்லும் காரணமாகக் காட்டப்பட்டன. இரண்டிலும் பறிபோனது வாக்காளரின் தேர்வே. முதல் தடையை ராணுவம் அகற்றியது. அதன் பயன் நீடிக்கவில்லை. இரண்டாம் தடை சட்டத்தால் தகர்ந்தது. அந்தத் தீர்ப்பு இன்று எந்த நிறத்தவராயினும் மாற்றுக் கருத்துடைய உறுப்பினர் அனைவருக்கும் அரணாக நிற்கிறது. அதைப் பெற்றுத் தந்ததில் பாண்டின் உறுதிக்கு எவ்வளவு பங்குண்டோ, அவரை மும்முறை தேர்ந்தெடுத்து அனுப்பிய அட்லாண்டா வாக்காளர்களுக்கும் அவ்வளவு பங்குண்டு.