பாவையா, பரவையா: மட்டக்களப்பு ஏடுகளின் வழியே தமிழ் இழந்த எழுத்துகள்

மட்டக்களப்பின் புளியந்தீவைச் சுற்றிலும் வாவி. அதைக் கடந்து வடக்கே போனாலும் தெற்கே போனாலும் கண்ணகி கோயில்கள் உண்டு. வைகாசிச் சடங்கில் அங்கே கண்ணகி வழக்குரை பாடுவார்கள். அதன் பழைய பிரதிகள் ஓலை ஏடுகள். ஏட்டெழுத்தில் ‘பாவை’யும் ‘பரவை’யும் ஒரே வடிவம், ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு இல்லை. பெண்ணா, நீர்ப்பரப்பா என்பதைப் படிப்பவரே துணிய வேண்டும். ‘கெடட’ என்றிருந்தால் அது ‘கெட்ட’ ஆகலாம், ‘கேட்ட’ ஆகலாம்.

தமிழ் எழுத்து தொடக்கம் முதல் இப்படி மயங்கிக் கிடக்கவில்லை. மெய்க்குப் புள்ளி வேண்டும், எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. அந்த முறையில் புள்ளியில்லாத ‘எ’தான் நெடில். மகரக் குறுக்கத்துக்கு எழுத்தின் உள்ளேயே ஒரு புள்ளி இருந்தது. புள்ளி ஏறிய அந்த எகரமும் ஒகரமும் இன்று எவர் கையெழுத்திலும் இல்லை. எழுத்தாணியின் குத்து ஓலையைக் கிழிக்கும் என்பதால் புள்ளியைக் கைவிட்டனர் என்பது வழக்கமான விளக்கம். அது மட்டுமே போதாது என்பது என் கருத்து. ஆசானின் வாயால் கேட்டு மனத்தில் இருத்திய பாட்டுக்கு ஏடு வெறும் துணைதான். வழக்குரை பாடுபவருக்குப் ‘பாவை’ எங்கே வரும் என்பது ஏட்டைப் பிரிக்கும் முன்பே தெரியும். செவி காத்ததால் புள்ளி இல்லாமலும் காரியம் நடந்தது.

செவிவழிப் பழக்கம் இல்லாத அயலவருக்குத்தான் இது இடறியது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747) பழைய விதியைத் தலைகீழாக்கினார். குறிலைப் புள்ளியால் காட்டுவதை விட்டு, நெடிலுக்கு வேறு வடிவம் கொடுத்தார். ஏகாரமும் ஓகாரமும் இரட்டைச் சுழிக் கொம்பும் அப்படித்தான் நிலைபெற்றன. அச்சு அவற்றை உறுதியாக்கியது. புளியந்தீவில் 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய மெதடிஸ்த பள்ளியும், 1873இல் எழுந்த புனித மிக்கேல் கல்லூரியும் அச்சுப் புத்தகக் காலத்தின் பிள்ளைகள்.

அச்சு சில எழுத்துகளைக் கொன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘தோர்ன்’ என்றொரு எழுத்து இருந்தது; நாவை மெல்லப் பல்லில் வைத்து ஒலிக்கும் ஒலிக்கு உரியது அது. 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவியபோது, ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சு வார்ப்புகளில் அது இல்லை. வடிவில் ஒத்த ‘ஒய்’ எழுத்தைச் சில இடங்களில் மாற்றாகக் கோத்தனர். ஒலி இன்றுவரை வாழ்கிறது; எழுத்து போய்விட்டது.

தமிழில் அடுத்த இழப்புக்குக் காரணம் அரசாணை. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த வடிவங்களைக் கையாண்டார். தமிழக அரசு 1978 அக்டோபரில் அவற்றில் ஒரு பகுதியை ஏற்றது. ணா, றா, னா; இவற்றின் ஒகர, ஓகார வரிசையில் ஆறு; ணை, லை, ளை, னை என 13 உயிர்மெய்கள் பழைய உருவை இழந்தன. துதிக்கைபோல வளைந்த ‘லை’ அவற்றில் ஒன்று. ஐகார ஔகாரங்களை ‘அய்’, ‘அவ்’ ஆக்கும் யோசனையை அரசு ஏற்கவில்லை.

அந்த ஆணைக்கு இலங்கையில் அதிகாரம் இல்லை. மட்டக்களப்பின் முக்கியமான பதிப்புகளோ அதற்கு முன்பே வந்துவிட்டன. எஃப். எக்ஸ். சி. நடராசாவின் மட்டக்களப்பு மான்மியம் 1962இலும், வீ. சீ. கந்தையாவின் கண்ணகி வழக்குரை 1968இலும் வெளியாயின. ஏட்டில் மயங்கிய ‘பாவை’க்கு இப்பதிப்பாசிரியர்கள் கால் போட்டுத் தெளிவாக்கினார்கள்; அவர்கள் அச்சிட்ட ‘ணை’யோ இன்றைய மாணவனைத் தடுக்கி விழச் செய்கிறது.

2019இல் யூனிகோடு, பழந்தமிழ்ப் பின்னங்களும் குறியீடுகளுமாக 51ஐச் சேர்த்தது. நெல், குறுணி, பதக்கு ஆகியவற்றுக்கான குறிகளுக்கு அப்படி இடம் கிடைத்தது. துதிக்கை ‘லை’க்குத் தனி எண் கிடையாது, புது ‘லை’க்கும் அதற்கும் ஒரே குறியீடு, உருவத்தைத் தீர்மானிப்பது எழுத்துரு. ஆகவே இப்பதிப்புகளைத் தட்டச்சு செய்து மின்னூலாக்குபவர்கள் பக்கத்தின் படத்தையும் உடன் வைக்க வேண்டும். தட்டச்சான வரியில் சொல் மட்டுமே மிஞ்சும். 1968இல் அது எந்த உருவில் நின்றது என்பதைப் படம்தான் காட்டும்.