எச்.ஐ.வி.யும் கோவிட்-19உம் (தென்னாப்பிரிக்கா)

உலகிலேயே எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் மிகுதியாக உள்ள நாடு தென்னாப்பிரிக்கா. 2020 மார்ச் 5 அன்று குவாசூலு-நட்டால் மாகாணத்தில் முதல் கோவிட்-19 நோயாளி உறுதிசெய்யப்பட்டபோது, அந்நாட்டில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்ந்துவந்தனர். நோயெதிர்ப்பை நெறிப்படுத்தும் சிடி4 என்னும் வெள்ளணுக்களை எச்.ஐ.வி. அழிப்பதால், அவ்வணுக்கள் குறைந்தவர்களைப் புதிய நோய் எவ்வாறு தாக்கும் என்ற அச்சம் தொடக்கத்திலேயே எழுந்தது.

மேற்குக் கேப் மாகாண அரசு மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வு, எச்.ஐ.வி. உள்ளவர்கள் கோவிட்டால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு எனக் காட்டியது. ஆயினும் மொத்தக் கோவிட் மரணங்களில் எச்.ஐ.வி.யின் பங்கு பத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. முதுமையும் நீரிழிவுமே பெருங்காரணங்களாக இருந்தன. பல நாடுகளின் மருத்துவமனைத் தரவுகளைத் தொகுத்த உலக சுகாதார நிறுவனம், 2021 ஜூலையில் இக்கூடுதல் இறப்பு வாய்ப்பை 30 விழுக்காடு என மதிப்பிட்டது.

எச்.ஐ.வி. மருந்துகளே கொரோனாவையும் வெல்லும் என்ற நம்பிக்கையும் நிலவியது. லோபினவிர்-ரிட்டோனவிர் கூட்டு மருந்து ஊகானில் 199 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டும் தெளிவான பயன் தரவில்லை. பிரிட்டனின் ரிகவரி ஆய்வும் 2020 ஜூனில் அதே முடிவுக்கு வந்தது. ஆனால் ரிட்டோனவிர் வேறொரு பணிக்குத் திரும்பி வந்தது: பிற மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுத்து, அவை உடலில் நெடுநேரம் தங்க உதவும் அதன் இயல்பினால், 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அவசரகால அனுமதி பெற்ற பாக்ஸ்லோவிட் என்னும் கோவிட் மருந்தில் அது துணைமருந்தாகச் சேர்க்கப்பட்டது.

நோயைவிட ஊரடங்கே எச்.ஐ.வி. பணிகளுக்குப் பெருங்கேடு செய்யும் என்ற கவலை பாதி உண்மையாயிற்று. குவாசூலு-நட்டாலின் 65 ஆரம்ப சுகாதார நிலையங்களை ஆராய்ந்தபோது, 2020 ஏப்ரலில் எச்.ஐ.வி. பரிசோதனைகளும் புதிதாகச் சிகிச்சை தொடங்குவோரின் எண்ணிக்கையும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது தெரியவந்தது. ஏற்கெனவே மருந்து உட்கொண்டுவந்தோருக்கோ அது பெரும்பாலும் தடைபடவில்லை. நாட்பட்ட நோயாளிகள் மருத்துவமனை வரிசையில் நிற்காமல், வீட்டுக்கு அருகிலுள்ள மையங்களிலேயே மாத்திரை பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு பெருந்தொற்றுக்கு முன்பே அங்கு வேரூன்றியிருந்தது. இடருக்கு முன்னரே கட்டியெழுப்பப்பட்ட இத்தகைய பொதுச் சுகாதார அமைப்பின் அருமையை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் சான்று அரிது.

இரு வைரஸ்களின் உறவை மிக நெருக்கமாகக் காட்டியது, அதே மாகாணத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் நிலை. எச்.ஐ.வி. கட்டுப்படாமல் முற்றிய நிலையிலிருந்த அவரது உடலில் கொரோனா வைரஸ் 216 நாட்கள் தங்கியிருந்தது. சிடி4 அணுக்கள் குன்றியதால் அதை முற்றாக அழிக்க இயலாத உடலில், அது முப்பதுக்கும் மேற்பட்ட மரபணு மாற்றங்களை அடைந்ததாக டர்பனில் உள்ள ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இதனை எச்.ஐ.வி. உள்ளோர் மீதான பழியாகத் திரித்துரைப்பது அநீதியாகும். சிகிச்சை எட்டாத நிலையே இதில் அடிப்படைக் குறை. டோலுடெகிராவிர் அடங்கிய மருந்துக்கு மாற்றப்பட்டு எச்.ஐ.வி. கட்டுக்குள் வந்த பின், அப்பெண்ணின் உடலிலிருந்து கொரோனா வைரஸும் நீங்கியது.