புகையும் அரசாணையும்

2019 செப்டம்பர் 18 அன்று இந்திய அரசு அவசரச் சட்டத்தின் வழி இ-சிகரெட்டைத் தடை செய்தது; டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. உற்பத்தி செய்தாலோ விற்றாலோ முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இளைஞரைக் காப்பதே நோக்கம் என்றனர். அந்நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் இலையை எரிக்கும் சிகரெட்டும் பீடியும் வரி செலுத்தியபடி கடைகளில் நிலைத்தன. பிரிட்டனோ நிகோட்டின் அளவுக்கு வரம்பு விதித்து இ-சிகரெட் விற்பனையை அனுமதித்தது.

புதிய பொருளொன்றைக் கண்டு அரசு திகைப்பது இது முதன்முறையன்று. உதுமானியப் பேரரசுக்குள் புகையிலை 1600ஆம் ஆண்டையொட்டி நுழைந்தது. 1633இல் இஸ்தான்பூலைப் பெருந்தீ அழித்ததும், சுல்தான் நான்காம் முராத் காப்பிக் கடைகளை மூடச் செய்து, புகைப்போருக்கு மரண தண்டனை அறிவித்தார். காப்பிக் கடைகளில் கூடி அரசியல் பேசியோரை அடக்குவதே உள்நோக்கம் என்பர் ஆய்வாளர் பலர்.

அக்காலத்தை நமக்கு நன்கு காட்டுபவர் காதிப் சலபி. போர் முகாமில் புகைத்தோர் கொல்லப்படும் வேளையிலேயே, வேறு வீரர் சட்டைக் கையில் சிறு குழாயை ஒளித்து வைத்துப் புகைத்தனர் என 1656இல் இயற்றிய ‘மீஸானுல் ஹக்’ நூலில் எழுதுகிறார். புகையை அவர் போற்றியவரல்லர். வேரூன்றிய பழக்கத்தை வாளால் அகற்ற இயலாது, விற்பனையைக் குத்தகைக்கு விட்டு வருவாய் பெறுவதே தகும் என்பதே அவர் முடிபு.

ஹலபின் காழியாயிருந்த பஹாயீ எஃபந்தி புகைத்த குற்றத்திற்காகப் பதவியிழந்து சைப்ரஸுக்கு நாடு கடத்தப்பட்டவர். அவரே 1649இல் ஷைகுல் இஸ்லாம் ஆனார். புகைத்தல் ஆகும் என ஃபத்வாவும் வழங்கினார்! தம் பழக்கத்துக்காகவே தீர்ப்பளித்தார் என்று ஏசியோர் உண்டு. மக்களின் நிலையையும், பொருள்களின் மூலநிலை அனுமதியே என்னும் ஃபிக்ஹு விதியையும் கருதியே அவர் அவ்வாறு கூறினார் என்று காதிப் சலபி வாதிடுகிறார்.

டமாஸ்கஸின் அப்துல் கனீ அந்நாபுலுசி இன்னும் ஒருபடி மேலே சென்றார். ஆகுமான ஒன்று சுல்தான் விலக்கியதாலேயே ஹராமாகிவிடாது என 1682இல் தனி நூலே எழுதினார். புற்றுநோய் பற்றிய அறிவு அவருக்கு வாய்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் துணையோடு உலமாக்கள் பலர் புகைத்தலை ஹராம் என்றனர். எனினும் அரசாணை வேறு, மார்க்கத் தீர்ப்பு வேறு என்று அவர் பிரித்துக் காட்டிய எல்லைக்கோடு அதனால் அழிந்துவிடவில்லை. தடைக்குரிய காரணத்தை அரசு தன் சொல்லில், தன் சான்றுகளோடு நிறுவ வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் பெறும் பொருள்.

அந்நூற்றாண்டு முடியுமுன் உதுமானியக் கருவூலம் புகையிலைக்கு வரி வாங்கத் தொடங்கிவிட்டது.